முதல் தளத்து வீட்டில் 850 லிட்டர் மீன்தொட்டி: ஒரு திட்ட ஆய்வு

சென்னையில், தரைத்தளம் முழுவதும் வாகன நிறுத்தமாகவும் அதற்கு மேல் மூன்று தளங்கள் குடியிருப்பாகவும் அமைந்த ஒரு சிறிய அடுக்குமாடியின் முதல் தளத்து வீட்டில், ஆறடி நீளம், இரண்டரை அடி அகலம், இரண்டடி உயரம் கொண்ட நன்னீர் மீன்தொட்டி அமைப்பதற்காக வகுத்த திட்டத்தைப் பற்றியது இந்த ஆய்வு. வீட்டுக்காரர் எங்களிடம் வந்தபோதே கையில் ஒரு பட்டியல் வைத்திருந்தார். மூடிய டப்பா வடிவிலான இரண்டு கேனிஸ்டர் வடிகட்டிகள், அவற்றுக்குள் பாக்டீரியா தங்கக் கிலோக்கணக்கில் பீங்கான் வளையங்கள், கிருமி கொல்லும் ஒரு யு.வி. விளக்கு, வாஸ்துவுக்காக ஓர் அரோவானா மீன், அதற்குத் துணையாக டிஸ்கஸ் மீன்கள் என்று அது நீண்டது. தொட்டி எதன்மேல் நிற்கப்போகிறது, அதில் எந்தத் தண்ணீரை ஊற்றப்போகிறார்கள், மின்சாரம் நின்றால் என்ன ஆகும் என்ற மூன்றுக்கும் அதில் இடமில்லை. சிறிய தொட்டியில் இவற்றைப் பற்றிக் கவலைப்படாமல் இருந்துவிடலாம். பெரிய தொட்டியிலோ வடிகட்டி என்பது இந்த மூன்றுக்கும் விடை கிடைத்த பிறகு கடைசியாக முடிவு செய்ய வேண்டிய பொருள் என்பதே எங்கள் கருத்து. திட்டமும் அந்த வரிசையில்தான் நகர்ந்தது.

தளமும் உத்தரமும்

வெளி அளவுப்படி தொட்டியின் கொள்ளளவு 30 கன அடி, அதாவது ஏறத்தாழ 850 லிட்டர். கண்ணாடியின் தடிமனையும், விளிம்புக்குக் கீழே விடவேண்டிய 5 செ.மீ. இடைவெளியையும், மணலும் கல்லும் அடைத்துக்கொள்ளும் இடத்தையும் கழித்தால் உள்ளே நிற்கும் தண்ணீர் சுமார் 640 லிட்டர்தான். எடைக் கணக்கு இப்படி வந்தது: தண்ணீர் 640 கிலோ, கண்ணாடி 170, கல் 120, மணல் 80, இரும்புத் தாங்கி 90, அதற்குள் வைக்கும் சம்ப் (தொட்டியிலிருந்து வழியும் தண்ணீரை வடிகட்டி மேலே திருப்பி அனுப்பும் கீழ்த்தொட்டி) தண்ணீரோடு சேர்த்து 180. மொத்தம் 1,280 கிலோ. தொட்டி அடைக்கும் தரைப்பரப்பு 1.39 சதுர மீட்டர் என்பதால், ஒரு சதுர மீட்டருக்கு 920 கிலோ வருகிறது.

குடியிருப்பு அறைகளின் தளத்துக்கு ஐ.எஸ். 875 என்ற இந்தியத் தரநிலை வகுத்திருக்கும் நகர்சுமை (ஆட்கள், தளவாடங்கள் போன்றவற்றின் எடை) சதுர மீட்டருக்கு 2 கிலோநியூட்டன், அதாவது ஏறக்குறைய 200 கிலோ. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தளம் இடிந்துவிடும் என்று அஞ்சுவதும் தவறு. கூடம் முழுவதற்கும் சேர்த்துப் பார்த்தால் நாலாயிரம் கிலோ தாங்குமே என்று அலட்சியமாக இருப்பதும் தவறு. அறை முழுவதும் பரவி நிற்கும் சுமையும் ஓரிடத்தில் குவிந்து ஆண்டுக்கணக்கில் அசையாமல் நிற்கும் சுமையும் கான்கிரீட் தளத்தை ஒரே மாதிரி வளைப்பதில்லை. தளத்தின் நடுப்பகுதிதான் அதிகம் வளையும். உத்தரத்தை ஒட்டிய பகுதி மிகக் குறைவாக வளையும்.

கூடத்துக்கும் சாப்பாட்டு அறைக்கும் நடுவே தடுப்புச்சுவர்போல, இரு பக்கமிருந்தும் பார்க்கும்படி தொட்டியை வைக்க வேண்டும் என்பது வீட்டுக்காரரின் ஆசை. அந்த இடம் தளத்தின் நட்டநடுவில் விழுந்தது. இத்தகைய கட்டடத்தில் ஒரு வசதி உண்டு: கீழே வாகன நிறுத்தத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால் உத்தரங்கள் அனைத்தும் பூச்சுக்கு வெளியே தெளிவாகத் தெரியும். மாடிப்படிச் சுவரை ஆதாரமாக வைத்துக் கீழே ஒவ்வொரு உத்தரமும் எத்தனை அடியில் போகிறது என்று அளந்து, அதே அளவைக் கூடத்துத் தரையில் சாக்கட்டியால் கோடிட்டோம். கிழக்குச் சுவரை ஒட்டி, இரு தூண்களுக்கு இடையே 9 அங்குல அகல உத்தரம் ஒன்று ஓடியது. தாங்கியின் பின்வரிசை அந்த உத்தரத்தின்மேல் அமரும்படி தொட்டியைச் சுவரோரமாக மாற்றினோம். கட்டடத்தின் கம்பி வரைபடத்தைப் பார்த்த கட்டுமானப் பொறியாளர் அந்த இடத்துக்கு மட்டுமே ஒப்புதல் தந்தார். நடுக்கூடத்துக்கு எவ்வளவு வற்புறுத்தியும் அவர் அசையவில்லை. அவர் செய்தது சரி.

தாங்கி 50 மி.மீ. சதுர இரும்புக் குழாயில் பற்றவைத்தது. நான்கு கால்களும் தனித்தனியாகத் தரையில் ஊன்றாமல், அடியில் சுற்றுச் சட்டம் முழுவதும் தரையில் படியும்படி செய்தால் எடை பரவும். தரை ஓடும் தப்பிக்கும். மட்டம் பார்ப்பதற்குக் கொத்தனார் வைத்திருக்கும் மட்டக்குழாயைவிட நம்பகமான கருவி இந்த நீளத்துக்கு இல்லை. தாங்கியின் மேலே 18 மி.மீ. கடல்தர ஒட்டுப்பலகை, அதன்மேல் 10 மி.மீ. தெர்மாகோல், அதன்மேல் கண்ணாடி.

கண்ணாடி

இரண்டடி உயரத் தொட்டிக்கு 12 மி.மீ. கண்ணாடி போதும் என்பது சென்னையின் கொளத்தூர் மீன்தொட்டிச் சந்தையில் எந்தக் கடையில் கேட்டாலும் கிடைக்கும் பதில். மேல்விளிம்பில் நான்கு பக்கமும் பட்டை ஒட்டினால் அது போதும்தான். இந்த வீட்டில் மேல்விளிம்பு திறந்திருக்க வேண்டும் என்று கேட்டார்கள். தண்ணீரின் உயரம், பலகையின் நீள உயர விகிதம், சாதாரண ஃப்ளோட் கண்ணாடியின் இழுவிசைத் தாங்குதிறன் சதுர மி.மீ.க்கு 19.2 நியூட்டன், பாதுகாப்புக் காரணி (தாங்குதிறன் வரும் விசையைப்போல் எத்தனை மடங்கு என்பது) 3.8 என்று வைத்து வழக்கமான சூத்திரத்தில் போட்டுப் பார்த்தால், மேல்விளிம்பு பிடிப்பில்லாத 6 அடிப் பலகைக்கு 12.9 மி.மீ. தேவை என்று வருகிறது. 12 மி.மீ. போட்டால் காரணி 3.3 ஆகக் குறையும், 15 மி.மீ. போட்டால் 5-ஐத் தாண்டும். சிறு குழந்தைகள் ஓடியாடும் வீடு என்பதால் 15 மி.மீ. என்று முடிவு செய்தோம்.

கடினப்படுத்திய டஃப்பன் கண்ணாடியில் துளையிட முடியாது. முயன்றால் பலகை முழுவதும் தூளாகிவிடும். வழிந்தோடும் குழாய்களுக்குப் பின்பலகையில் துளைகள் வேண்டியிருந்ததால் ஐந்து பலகைகளும் சாதாரணக் கண்ணாடியாகவே இருக்கட்டும் என்று வைத்து, ஒட்டுவதற்கு முன்பே துளையிட்டு வாங்கினோம். முழுத்தொட்டியாக ஒட்டிக் கொண்டுவந்தால் மாடிப்படித் திருப்பத்தில் சிக்கும் என்பதால், பலகைகளைத் தனித்தனியாக மேலே ஏற்றித் தாங்கியின்மேலேயே வைத்து ஒட்டினார்கள். அடிப்பலகை மட்டும் 52 கிலோ. உறிஞ்சுபிடி வைத்து இரண்டு பேர் தூக்கினார்கள். பூஞ்சைத் தடுப்பு மருந்து கலக்காத சிலிகான் மட்டுமே மீன்தொட்டிக்கு ஆகும்; வழக்கமாகப் பயன்படுத்துவது வினிகர் வாடை அடிக்கும் வகை. ஒட்டிய பிறகு ஒரு வாரம் தொடாமல் விட்டுத்தான் தண்ணீர்ச் சோதனை.

குழாயில் வருவது எந்தத் தண்ணீர்

கட்டடத்துக்கு ஆழ்குழாய்த் தண்ணீரும், வாரத்தில் சில நாட்கள் மெட்ரோ வாட்டரும் உண்டு. மெட்ரோ வாட்டரில் குளோரின் இருக்கும். குளோரினின் அளவும் தண்ணீர் வரத்தும் ஒரே சீராக இருப்பதில்லை என்பதால் ஆழ்குழாய்த் தண்ணீரையே கணக்கில் எடுத்தோம். அதில் கரைந்துள்ள உப்புகளின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். 850, கடினத்தன்மை லிட்டருக்கு 380 மில்லிகிராம், நைட்ரேட் 10 மில்லிகிராம். குழாயைத் திறந்தவுடன் எடுத்த தண்ணீரின் பி.எச். (அமில, காரத் தன்மையைக் காட்டும் எண்; 7-க்கு மேல் காரம்) 7.3. அதே தண்ணீரை வாளியில் ஊற்றி ஏர் பம்ப் போட்டு ஒரு நாள் வைத்துப் பார்த்தபோது 8.1. நிலத்தடியில் கரைந்திருந்த கரியமில வாயு வெளியேறுவதால் நேரும் மாற்றம் இது. ஆழ்குழாய்த் தண்ணீரைச் சோதிப்பவர்கள் இரண்டாவது எண்ணைத்தான் கணக்கில் கொள்ள வேண்டும், ஏனெனில் மீன் வாழப்போவது அந்தத் தண்ணீரில்தான்.

இந்த எண்கள் கிடைத்தவுடன் டிஸ்கஸ் கழிந்தது. அமேசான் படுகையின் மென்மையான நீரை ஒத்த தண்ணீரை அதற்கு ஆர்.ஓ. மூலம் தயாரிக்க வேண்டும். வீட்டு ஆர்.ஓ. கருவி ஒரு லிட்டர் தருவதற்கு மூன்று லிட்டர் வரை வெளியே தள்ளக்கூடியது. வாரம் 300 லிட்டர் மாற்றுவதற்கு 900 லிட்டர் சாக்கடைக்குப் போகும். பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் என்ற நான்கு ஏரிகளும் வறண்டு கிடந்த 2019 கோடையைப் பார்த்த ஊரில் அப்படி ஒரு திட்டத்துக்கு நாங்கள் கையெழுத்திட மாட்டோம். அரோவானா வேறு காரணத்தால் கழிந்தது. சந்தையில் எளிதில் கிடைக்கும் வெள்ளி அரோவானா மூன்றடி வரை வளரும். இரண்டரை அடி அகலத் தொட்டியில் அதனால் நிமிர்ந்து திரும்ப முடியாது. ஆசிய அரோவானாவோ, அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் முதல் பட்டியலில் இருக்கும் மீன்.

கிழக்கு ஆப்பிரிக்காவின் மலாவி ஏரியில் பாறை இடுக்குகளில் வாழும் எம்புனா சிக்லிட்களைப் பரிந்துரைத்தோம். அந்த ஏரியின் பி.எச். 7.7 முதல் 8.6 வரை. ஏரித் தண்ணீர் நம் ஆழ்குழாய்த் தண்ணீர் அளவுக்குக் கடினமானதன்று. ஆனால் தலைமுறை தலைமுறையாகப் பண்ணைகளில் பெருகிவரும் இம்மீன்கள் கடின நீரைப் பொறுத்துக்கொள்கின்றன. யெல்லோ லேப், ரஸ்டி, ரெட் ஜீப்ரா ஆகிய மூன்று இனங்கள் முடிவாயின. நீலமும் மஞ்சளும் வேண்டும் என்று கேட்ட வீட்டுப் பிள்ளைகளுக்கு மஞ்சள் கிடைத்தது.

கார நீருக்கு ஒரு விலை உண்டு. மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியா தண்ணீரில் இரண்டு வடிவங்களில் இருக்கும். அவற்றில் மின்னேற்றம் பெறாத வடிவமே செவுளை எரிக்கும் நஞ்சு. 30 டிகிரி வெப்பத்தில், பி.எச். 7 ஆக இருந்தால் மொத்த அம்மோனியாவில் நூற்றுக்கு 0.8 பங்குதான் அந்த வடிவில் இருக்கும், பி.எச். 8.2 ஆக இருந்தால் 11 பங்கு. அதாவது மென்மையான நீரில் தப்பிக்கும் அளவு அம்மோனியா இங்கே பதினான்கு மடங்கு கொடியது. ஆகவே வடிகட்டி சில மணி நேரம்கூடத் தடுமாறக் கூடாது.

வடிகட்டல் கணக்கு

வடிகட்டியின் அளவைத் தொட்டியின் லிட்டரைக் கொண்டு தீர்மானிப்பது வழக்கமாகிவிட்டது. பெட்டியின்மேல் அச்சடித்திருப்பதும் அதுவே. உண்மையில் அம்மோனியாவை உண்டாக்குவது தண்ணீர் அன்று, தீனி. 40 விழுக்காடு புரதமுள்ள தீனியில் ஒவ்வொரு கிராமுக்கும் ஏறத்தாழ 0.037 கிராம் அம்மோனியா நைட்ரஜன் வெளிப்படும் என்பது மீன்பண்ணைகளில் பயன்படுத்தும் கணக்கு. முதலில் 40 மீன்கள், நாளொன்றுக்கு 12 கிராம் தீனி என்று வைத்துக்கொண்டோம், நாளுக்கு 0.44 கிராம்.

இதை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியாக்களுக்கு எவ்வளவு பரப்பு வேண்டும்? ஒரு சதுர மீட்டர் பரப்பு நாளுக்கு 0.1 கிராம் மட்டுமே கையாளும் என்று மிகக் குறைத்து மதிப்பிட்டாலும் 4.4 சதுர மீட்டர் போதும். கே-1 என்ற பிளாஸ்டிக் சக்கரங்கள் பத்து லிட்டர் போட்டால் 5 சதுர மீட்டர் கிடைத்துவிடும். நாங்கள் 20 லிட்டர் வைத்தோம். பட்டியலில் இருந்த பீங்கான் வளையங்களின் செலவு முழுவதும் இப்படி மிச்சமானது. பாக்டீரியாவுக்கு இடம் கொடுப்பது அரிய காரியமன்று. அதற்கு ஆக்சிஜன் கொடுப்பதும், அழுக்கை அதன்மேல் படியவிடாமல் முன்னாலேயே பிடிப்பதும்தான் அரிது. ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜனை மாற்ற நாலரை கிராமுக்கு மேல் ஆக்சிஜன் செலவாகிறது. தண்ணீரில் கரையும் ஆக்சிஜனோ 25 டிகிரியில் லிட்டருக்கு 8.2 மில்லிகிராம் என்றால் 30 டிகிரியில் 7.5 தான். மேயில் மீனுக்கும் பாக்டீரியாவுக்கும் தேவை கூடுகிறது, இருப்பு குறைகிறது.

அடுத்து, பாக்டீரியா மாற்றிய பிறகு தண்ணீரிலேயே தங்கிச் சேரும் நைட்ரேட். சம்ப்போடு சேர்த்து 770 லிட்டர் தண்ணீரில், 12 கிராம் தீனி வாரத்துக்கு லிட்டருக்கு 17.7 மில்லிகிராம் நைட்ரேட் சேர்க்கும். வாரம் 40 விழுக்காடு, அதாவது 300 லிட்டர் மாற்றினால், தண்ணீர் மாற்றுவதற்கு முந்தைய அளவு காலப்போக்கில் 44-இல் வந்து நிற்கும். ஆழ்குழாய்த் தண்ணீரிலேயே இருக்கும் 10 சேர்ந்து 54. நாங்கள் வைத்த வரம்பு 45. தண்ணீரைக் கூட்டுவதா, மீனைக் குறைப்பதா என்ற கேள்வி எழுந்தது. வீட்டின் பெரியவர், "வாரா வாரம் முந்நூறு லிட்டரே அதிகம் தம்பி, அசோசியேஷன்ல பேச்சு வரும்" என்றார். தொட்டியிலிருந்து வெளியேறும் தண்ணீர் குழாய் வழியே கீழே இறங்கிச் சுற்றுச்சுவர் ஓரச் செடிகளுக்குப் போகும் என்று காட்டிய பிறகே சம்மதித்தார். முடிவில் மீன்கள் முப்பதாகவும் தீனி 9 கிராமாகவும் குறைந்தன. அந்தக் கணக்கில் நைட்ரேட் 43. கூட்டம் குறைந்தால் எம்புனாவில் சண்டை கூடும் என்பது உண்மை. அதைக் கற்களின் இடுக்குகளைப் பெருக்கிச் சமாளிக்கலாம். நைட்ரேட்டை அப்படிச் சமாளிக்க முடியாது.

மாற்றும் தண்ணீரை ஒரு நாள் காற்றூட்டி வைக்கும் 300 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டியைப் பின்பால்கனியில் வைக்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. சுவரிலிருந்து நீட்டிய பால்கனியின் நுனியில் இன்னொரு 300 கிலோவா என்று அதைத் தள்ளிவிட்டு, கீழே மோட்டார் அறைக்குப் பக்கத்து நிழலில் வைத்தோம். சிறிய பம்ப் ஒன்று அங்கிருந்து மேலே ஏற்றும். மொட்டைமாடித் தொட்டியில் மே மாதம் காயும் வெந்நீர் மீனுக்குப் போகாமல் தடுக்கவும் இது உதவியது.

மின்சாரம் நின்றால்

கேனிஸ்டரைக் கைவிட்டதற்கு மின்தடையே காரணம். மூடிய டப்பாவுக்குள் ஓட்டம் நின்றால், அதிலிருக்கும் பாக்டீரியாவும் தேங்கிய அழுக்கும் இருக்கும் ஆக்சிஜனைச் சில மணி நேரத்தில் தீர்த்துவிடும். மின்சாரம் திரும்பியதும் அந்த நாறிய தண்ணீர் நேரே தொட்டிக்குள் பாயும். திறந்த சம்ப்பில் இந்த ஆபத்து மிகக் குறைவு. ஆனால் சம்ப்புக்கென்று வேறோர் ஆபத்து உண்டு: மேலே இருக்கும் தண்ணீர் கீழே இறங்கி வீட்டை நனைப்பது.

சம்ப்பின் உள்ளளவு 120 செ.மீ. நீளம், 44 செ.மீ. அகலம், 44 செ.மீ. உயரம். ஓட்டத்தின்போது 25 செ.மீ. ஆழம் தண்ணீர் நிற்கும். அதற்கு மேல் 100 லிட்டருக்கு இடம் காலி. தொட்டியின் நீர்ப்பரப்பு 1.31 சதுர மீட்டர் என்பதால், நீர்மட்டம் ஒரு செ.மீ. இறங்கினாலே 13 லிட்டர் கீழே வரும். பம்ப் நின்றதும் மேலேற்றும் குழாய் தலைகீழாக உறிஞ்சத் தொடங்கும்; அதன் வாய் தண்ணீருக்கு மேலே வெளிப்படும்வரை நிற்காது. வாய் 2.5 செ.மீ. ஆழத்தில் இருந்தால் 33 லிட்டர் இறங்கும். குழாய்களிலும் வழிபெட்டியிலும் இருப்பது இன்னும் பத்து லிட்டர். சம்ப் எளிதில் தாங்கும். அழகுக்காக அதே வாயை 15 செ.மீ. ஆழத்தில் வைத்தால் இறங்குவது 200 லிட்டர். அதில் பாதி கூடத்தில் ஓடும். குழாயில் சிறு துளையிட்டுக் காற்று புகவிட்டால் போதும் என்பார்கள். பாசியோ ஒரு நத்தையோ அடைத்தால் அந்தத் துளை இல்லாததற்குச் சமம். வாயையே மேலே வைப்பதுதான் பாதுகாப்பு.

எதிர்ப்பக்கக் கணக்கும் வேண்டும். வழிந்தோடும் குழாய் அடைத்துக்கொண்டால், பம்ப் தன் அறையில் உள்ள தண்ணீர் முழுவதையும் மேலே ஏற்றிவிடும். ஆகவே பம்ப் அறையை 33 லிட்டருக்கு மேல் பெரிதாக்கவில்லை. மேல்தொட்டியின் விளிம்பு இடைவெளி 65 லிட்டர் கொள்ளும். இதற்கும் மேலாக, வழிவதற்கு மூன்று குழாய்கள் வைத்தோம். ஒன்று வால்வால் கட்டுப்படுத்தப்பட்டு முழுக்கத் தண்ணீர் நிரம்பி ஓசையின்றி ஓடும். இரண்டாவதில் மெல்லிய ஒழுக்கு மட்டும். மூன்றாவது உலர்ந்தே இருக்கும், அதில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டால் முதலாவது அடைத்துக்கொண்டது என்று பொருள்.

தண்ணீர் சம்ப்பில் முதலில் இரண்டு துணிப்பைகளில் விழும். எங்கள் அனுபவத்தில் முழு அமைப்பிலும் கவனம் கோரும் ஒரே பாகம் இந்தப் பைகள்தான். பிடித்த அழுக்கைப் பைக்குள்ளேயே வாரக்கணக்கில் விட்டால் அது கரைந்து மீண்டும் தண்ணீரில்தான் சேரும். மூன்று நாட்களுக்கு ஒருமுறை கழற்றி, உட்புறத்தை வெளியே திருப்பி, குழாயடியில் அலச வேண்டும். சோப்பு கூடாது. அடுத்து கடற்பஞ்சு, அடுத்து 60 லிட்டர் அறையில் ஏர் பம்ப் காற்றில் புரளும் கே-1, கடைசியில் பம்ப். யு.வி. விளக்கு தேவைப்படவில்லை.

மேலேற்ற வேண்டிய உயரம் ஒரு மீட்டர். முழங்கை இணைப்புகளின் உராய்வு அரை மீட்டருக்குச் சமம். அந்த நிலையில் மணிக்கு 4,000 லிட்டர் தரும் டி.சி. பம்ப் தேர்ந்தெடுத்தோம். வேகத்தைக் குறைத்தால் அது 20 வாட்டில் ஓடும். ஏர் பம்ப்புக்கு இன்னொரு 15 வாட். வீட்டில் ஏற்கெனவே இருந்த இன்வெர்ட்டரின் 150 ஆம்பியர்-மணி மின்கலத்தில் இந்த இரண்டும் எட்டு மணி நேரத்துக்கு எடுத்துக்கொள்வது ஆறில் ஒரு பங்குதான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது நகரின் பல பகுதிகளில் நாட்கணக்கில் மின்சாரம் இல்லை. அத்தகைய நேரத்துக்கென்று மின்கலத்தில் ஓடும் சிறிய ஏர் பம்ப் ஒன்று தனியாக உண்டு. அந்த நாட்களில் தீனி கிடையாது.

ஓட்டிப் பார்த்தது

எம்புனா மணலைத் தோண்டும் மீன் என்பதால், கற்களை அடிப்பலகையில் விரித்த பிளாஸ்டிக் வலைத்தகட்டின்மேல் முதலில் அடுக்கி, பிறகே மணல் கொட்டினோம். தண்ணீர் நிரப்பியதும் முதல் வேலை, மெயின் சுவிட்சை அணைத்துச் சம்ப்பில் மட்டம் எங்கே வந்து நிற்கிறது என்று பார்த்து, அந்த இடத்தில் மார்க்கரால் கோடு போட்டதுதான். ஓட்டத்தில் இருக்கும்போது எவ்வளவுக்கு மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது என்பதற்கு இன்னொரு கோடு.

மீனில்லாமல் பாக்டீரியாவை வளர்க்க அம்மோனியம் குளோரைடு போட்டோம். நாட்டுமருந்துக் கடை நவச்சாரமும் அதுவேதான் என்றாலும், அதில் வேறு என்ன கலந்திருக்கிறது என்பது தெரியாது. ஆய்வகத் தரத்தில் வாங்குவதே முறை. 770 லிட்டருக்கு 6 கிராம் போட்டால் லிட்டருக்கு 2 மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜன் கிடைக்கும். நன்றாக ஓடும் வேறொரு தொட்டியின் கடற்பஞ்சைச் சம்ப்பில் பிழிந்துவிட்டது வளர்ச்சியை விரைவுபடுத்தியது. அந்த 2 மில்லிகிராமும் ஒரே நாளில் காணாமற்போய், அம்மோனியா நைட்ரேட்டாக மாறும் வழியில் உண்டாகும் நைட்ரைட்டும் பூச்சியம் காட்டிய பிறகு மீன்கள் வந்தன. முப்பது மீன்களின் அன்றாடச் சுமை லிட்டருக்கு 0.43 மில்லிகிராம் மட்டுமே என்பதால், அனைத்தையும் ஒரே நாளில் விட்டோம். எல்லைச் சண்டை போடும் மீன்களைத் தவணை முறையில் விட்டால் பின்னால் வருபவை அடிபடும்.

கோடையில் வெப்பத்தைக் குறைக்கச் சம்ப்பின்மேல் ஒரு மின்விசிறி. 1.3 லிட்டர் தண்ணீர் ஆவியானால் 770 லிட்டரும் ஒரு டிகிரி குளிரும் என்பது கணக்கு. கடற்கரை ஊரின் ஈரக்காற்றில் அவ்வளவு எளிதில் ஆவியாகாது என்பதால் பகலில் 30 டிகிரிக்குக் கீழே இறக்குவதை எதிர்பார்க்கவில்லை. ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்புகள் தொட்டியிலேயே தங்கிவிடும். எனவே அன்றாடம் குறையும் சில லிட்டர்களை ஆழ்குழாய்த் தண்ணீரால் நிரப்பாமல், சமையலறை ஆர்.ஓ. தண்ணீரால் நிரப்பும்படி எழுதிக் கொடுத்தோம்.